கையெழுத்திட்டபின் வேலையில் சேர மறுத்தால் சிறையா?

பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டவர், காத்திருந்த வேறு வேலை கிடைத்ததும் சேர மறுத்தால் காவல்துறை வழக்குப் பதியும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. முன்பணம் பெற்றுக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிவகுத்த 1859-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலக் கொடுஞ்சட்டத்தை நீக்கும் சட்டம் 1925-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. இன்று சேர மறுப்பது உரிமையியல் விவகாரமே ஒழியக் குற்றமாகாது. விருப்பமில்லாதவரை வேலை செய்யுமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. சேர மறுத்தால் செலுத்த வேண்டிய இழப்பீடாகக் கடிதத்தில் எவ்வளவு பெரிய தொகை குறிக்கப்பட்டிருந்தாலும், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே நிறுவனம் கோர இயலும். ஆகவே அஞ்ச வேண்டாம். ஆனால் இழப்பீட்டு நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள், சேரப்போவதில்லை என்று முடிவான அன்றே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் அந்த இடத்திற்கு இன்னொருவரும் காத்திருக்கக்கூடும்.