சூதாடியின் பெட்டியும் ஆயிரம் பொய்யும்

போன வருடம் அரிசோனாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். வால்நட் மரம், பித்தளை மூலைகள், உள்ளே சிவப்பு வெல்வெட். வெல்வெட்டில் குழி குழியாக வெட்டி, குழிக்கு ஒரு பொருள்: இரட்டைக் குழல் டெரிஞ்சர் கைத்துப்பாக்கி, சீட்டுக்கட்டு, எலும்புப் பகடைகள், பந்தய வில்லைகள், சின்னக் கத்தி ஒன்று, விஸ்கிக் குப்பி ஒன்று. மூடியில் ஓர் அட்டை: “மிசிசிப்பி படகுச் சூதாடியின் பெட்டி, 1850”. விலை 3,800 டாலர்.

கூட வந்த நண்பர் வாயைப் பிளந்துவிட்டார். எனக்கும் ஒரு நிமிடம் கை அரித்தது உண்மை. அப்புறம் சீட்டுக்கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சீட்டுகளின் மூலையில் எண் இருந்தது.

அமெரிக்கச் சீட்டுகளில் மூலை எண் பரவியது 1870களில்தான். அதற்கு முன்பு ஏழா எட்டா என்று தெரிய வேண்டுமானால் நடுவில் உள்ள புள்ளிகளை எண்ண வேண்டும். இன்னும் பழைய கட்டுகளில் ராஜா, ராணி எல்லாம் முழு உருவமாக நிற்பார்கள். சீட்டைத் தலைகீழாகப் பிடித்தால் அவர்களும் தலைகீழாகத் தொங்குவார்கள். அந்த டெரிஞ்சரோ ரெமிங்டன் கம்பெனியின் இரட்டைக் குழல். அது சந்தைக்கு வந்ததே 1866ல். ஆக, 1850ல் படகேறிய நம் சூதாடி பதினாறு வருடம் முன்கூட்டியே துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறார்! வெல்வெட்டில் மூக்கை வைத்தால் பசை வாசம் வேறு.

கடைக்காரர் பெரியவர். நான் சொன்னதைக் கேட்டுக் கோபப்படவில்லை. “பெட்டி பழையதுதானே” என்றார். அது சரிதான். பெட்டி பழையது, கத்தி பழையது, துப்பாக்கி பழையது. ஆனால் அவை ஒன்றையொன்று சந்தித்தது அனேகமாக இருபது, முப்பது வருடம் முன்பு யாரோ ஒருவரின் பட்டறையில். இப்படி வெவ்வேறு இடத்துப் பொருள்களைச் சேர்த்து ஒன்றாக விற்பதை அங்குள்ள வியாபாரிகள் ‘கல்யாணம்’ என்றே சொல்கிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி நடத்தி வைத்த கல்யாணம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மேற்குப் பகுதியின் சூதாட்டப் பொருள், துப்பாக்கி என்று சேகரிக்கக் கிளம்புகிறவர் முதலில் ஒதுக்க வேண்டியது இந்த அழகான பெட்டிகளைத்தான். கடிகாரம் மாதிரி எல்லாம் அதனதன் குழியில் பொருந்தி உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். சந்தையில் சுற்றும் ‘சூதாடி பெட்டி’களில் பெரும்பாலானவை இப்படிச் சேர்த்தவைதான்.

அப்படியானால் சூதாடிகள் பெட்டியே வைத்திருக்கவில்லையா? வைத்திருந்தார்கள். அதில் துப்பாக்கியைவிட முக்கியமான சரக்கு வேறு. அந்தக் காலத்து மதுக்கடைகளில் போக்கரைவிடப் பெரிய ஆட்டம் ஃபாரோ என்ற சீட்டாட்டம். துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன வயட் எர்ப்பும் டாக் ஹாலிடேயும் ஃபாரோ மேசையில் சீட்டுப் போட்டுச் சம்பாதித்தவர்கள்தான். மங்காத்தா ஆடியவர்களுக்கு, அதாவது ‘உள்ளே வெளியே’ தெரிந்தவர்களுக்கு, இது உடனே பிடிபடும். மேசை விரிப்பில் ஸ்பேடின் பதின்மூன்று சீட்டுகளும் வரைந்திருக்கும். பிடித்த எண் மேல் காசு வைக்க வேண்டும். சீட்டுப் போடுகிறவர் ஒரு சின்ன உலோகப் பெட்டியிலிருந்து இரண்டிரண்டாக உருவுவார். முதலில் வருவது தோற்கும், இரண்டாவது ஜெயிக்கும். ஒரு எண் தோற்கும் என்று கட்ட விரும்பினால் காசின் மேல் செப்பு வில்லை ஒன்றை வைத்தால் போதும். இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக வந்தால் அதில் வைத்த பந்தயத்தில் பாதி கடைக்குப் போகும்.

நேர்மையாக ஆடினால் கடைக்குக் கிடைப்பது சொற்பம். அதனால்தான் நேர்மையாக ஆடவில்லை. அந்த உலோகப் பெட்டிக்குள் ரகசிய ஸ்பிரிங், ஓரம் சீவிய சீட்டு, சீவுவதற்கென்றே தனிக் கருவி, சட்டைக் கைக்குள் சீட்டை இழுத்து ஒளிக்கும் பொறி என்று ஒரு தொழிலே நடந்தது. சான் பிரான்சிஸ்கோவின் வில் அண்ட் ஃபிங்க் கத்திக்குப் பேர்போன கம்பெனி. சூதாட்ட ஏமாற்றுக் கருவிகளையும் அவர்களே விற்றார்கள். சகுனிக்குத் தேவைப்பட்டதெல்லாம் கடையில் கிடைத்த காலம். இன்று அந்தக் கருவிகளுக்கு நேர்மையான பெட்டிகளைவிட விலை அதிகம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அந்தக் காலம் எப்படி இயங்கியது என்பதை வெல்வெட்டைவிட அந்த ரகசிய ஸ்பிரிங் நன்றாகச் சொல்லும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேஸ் கீப்பர். எந்தச் சீட்டு எத்தனை முறை வந்துவிட்டது என்று எல்லோரும் பார்ப்பதற்காக ஃபாரோ மேசையில் வைக்கும் கணக்குப் பலகை. பதின்மூன்று கம்பி, கம்பிக்கு நான்கு மணி. வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு எண்ணச் சொல்லிக்குடுக்க வாங்கினியா?” என்றார். என் பலகையில் ராஜா வரிசையில் ஒரு மணி இல்லை; அந்த இடத்தில் யாரோ சட்டைப் பித்தானைக் கோத்திருக்கிறார்கள். வியாபாரி அதற்காக விலையைக் குறைத்தார். பித்தானுக்கு நான் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

துப்பாக்கி எதுவும் என்னிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் சேகரிக்கிறவர்களோடு பேசிப் பேசிக் கொஞ்சம் தெரியும். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி 1898ல் அல்லது அதற்கு முன்பு செய்த துப்பாக்கி ‘பழம்பொருள்’. மாநிலச் சட்டங்கள் வேறு மாதிரி இருக்கலாம். அதனால் ஒரே மாதிரியான இரண்டு கோல்ட் ரிவால்வர்களில், சீரியல் எண்படி 1899க்கு முந்தியதற்கு மவுசு கூடுதல். 1873ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மிதான் இந்த உலகத்தின் ராஜா. ராணுவத்துக்குப் போனவற்றில் ‘யுஎஸ்’ முத்திரையும் பரிசோதகரின் முதலெழுத்துகளும் இருக்கும். அதனாலேயே அந்த முத்திரைகளைப் பிற்பாடு குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கோல்ட் கம்பெனியே தன் பழைய பேரேடுகளைப் பார்த்து, இந்த எண் எந்தத் தேதியில், எவ்வளவு நீளக் குழலோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகிறது. அந்தக் கடிதமும் துப்பாக்கியும் ஒத்துப்போகாவிட்டால் விலை பாதாளத்துக்குப் போகும். வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்ப்பது போலப் பளபளவென்று தேய்த்து மெருகேற்றினாலும் அதே கதிதான்.

“துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே” என்பது சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்வது. சொல்கிறார்களே தவிர, பணம் கதைக்குத்தான் போகிறது. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனை 1881 ஜூலை 14 அன்று ஷெரீஃப் பேட் காரெட் சுட்ட கோல்ட், 2021 ஆகஸ்டில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்கு ஆவணம் இருந்தது, சரி. ஆவணம் இல்லாதவர்கள்? மேற்குப் பகுதியில் ஷெரீஃபாக இருந்த பேட் மாஸ்டர்சன் கடைசிக் காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகைக்காரராக இருந்தார். அவருடைய துப்பாக்கி வேண்டும் என்று நச்சரித்தவர்களுக்கு, அடகுக் கடையில் ஒரு பழைய கோல்ட் வாங்கி, பிடியில் சில வெட்டுக்குறி போட்டுக் கொடுத்துவிடுவார் என்று சொல்வார்கள். இந்தக் கதையே கட்டுக்கதையாக இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இன்னொன்றும் உறைக்காது. எர்ப்பும் ஹாலிடேயும் சுட்ட ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை நடந்த அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881ல் ஊருக்குள் துப்பாக்கி தாங்கி நடப்பதே சட்டவிரோதம். அந்தச் சண்டையே ஒரு வகையில் அந்தத் தடையை அமல்படுத்தப் போய் வந்ததுதான். இடுப்பில் எப்போதும் ரிவால்வர் தொங்கும் சூதாடி, பெரும்பாலும் பிற்பாடு வந்த கற்பனை.

எனக்குப் பிடித்த துப்பாக்கி எது என்று கேட்டால், கதையே இல்லாத ஒன்று. 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்தபடியே ஒரு வின்செஸ்டர் 1873 ரக நீளத் துப்பாக்கி கிடைத்தது. துப்பாக்கியின் மரக்கட்டை வெளிறி, வெடித்து, மரத்தின் நிறத்துக்கே வந்திருந்தது. தயாரித்த வருடம் 1882 என்று பதிவேடு சொல்கிறது. யார் வைத்தார், ஏன் திரும்பி வரவில்லை என்பதற்குப் பதில் இல்லை. வயோமிங்கின் கோடி நகர அருங்காட்சியகத்தில் அதைப் பராமரித்தவர்கள் பளபளப்பாக்கவில்லை. மேலும் உதிராமல் இருக்க வேண்டியதை மட்டும் செய்தார்கள்.

இந்த வருடமும் அதே சந்தைக்குப் போயிருந்தேன். பெட்டி இன்னும் இருந்தது. சீட்டுக்கட்டு அதேதான், டெரிஞ்சரும் அதேதான். அட்டை மட்டும் புதிது: “மேற்குப் பகுதிச் சூதாடியின் பெட்டி, 1880”. விலை 4,500. பெரியவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.