ராஸ்கோ ஆர்பக்கிள் கொலைகாரர் இல்லை

"மௌனப்பட காமெடி இயக்குநர் ராஸ்கோ ஆர்பக்கிள் ஒரு நடிகையைக் கொன்று ஜெயிலிலேயே செத்தார்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. 1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல் விருந்துக்குச் சில நாள் கழித்து நடிகை வர்ஜீனியா ராப்பி சிறுநீர்ப்பை கிழிந்து இறந்ததும், அதற்காக ஆர்பக்கிள்மீது வழக்கு நடந்ததும் உண்மைதான். ஆனால் முதல் இரண்டு விசாரணைகளில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. மூன்றாவதில், 1922 ஏப்ரல் 12 அன்று, சில நிமிடங்களிலேயே விடுதலை செய்ததோடு இவருக்குப் பெரிய அநீதி நடந்துவிட்டது என்று எழுதியும் கொடுத்தார்கள். அப்படியும் ஆறே நாளில், அமெரிக்கப் பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் வில் ஹேஸ் இவர் படங்களுக்குத் தடை போட்டார். டிசம்பரில் அது நீங்கியும் பழைய இடம் கிடைக்காமல், பாவம், வில்லியம் குட்ரிச் என்ற பெயரில்தான் படம் இயக்கினார். 1933இல் நியூயார்க்கில், தூக்கத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அந்தக் காலச் செய்தித்தாள்களைப் பார்க்கலாம். தயவுசெய்து அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.