அமெரிக்காவின் ஒரு மணி நேரமும் பாளையங்கோட்டைப் பிள்ளைகளின் தூக்கமும்

கோடை வெளிச்சத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லி, ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளிவைக்கும் வழக்கம் உடம்புக்குக் கெடுதல். அந்த வழக்கம் உள்ள நாட்டின் தூக்க மருத்துவர்களே இதைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதைவிட எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. கடிகாரத்தில் கையே வைக்காத நம் ஊரில், பெருமாள்புரத்திலும் கே.டி.சி. நகரிலும் மகாராஜ நகரிலும் அமெரிக்க நேரப்படி இரவு ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளின் தூக்கமும் அதோடு சேர்ந்து புரட்டப்படுகிறது. அதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை இரண்டு மணியை அமெரிக்காவில் மூன்று மணி ஆக்குகிறார்கள்; இதற்குக் கோடை நேரம் என்று பெயர். நியூயார்க்கில் அது நடக்கும்போது நமக்கு மதியம் பன்னிரண்டரை. அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கும் நேரம், வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மறுநாள் மாலை ஏழரைக்குத் தொடங்க வேண்டிய நம் பிள்ளைகளின் வேலை ஆறரைக்கே தொடங்கிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் மறுபடியும் ஏழரை.

"ஒரு மணி நேரம்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்கு அரசாணை தெரியாது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை நேரத்தைக் கணக்கிடுகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது, இரத்த அழுத்தம் ஏறி இறங்குவது, உடல் வெப்பம், பசி எல்லாம் அந்தக் கணக்கின்படிதான். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சுவர்க் கடிகாரத்தின் முள்ளை ஒரு நொடியில் தள்ளலாம். உள்ளே இருப்பது நகர நாள்கள் ஆகும்.

அந்த நாள்களில் என்ன நடக்கிறது? ஸ்வீடனில் இருபது ஆண்டுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள்: கடிகாரத்தை முன்தள்ளிய வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது, குறிப்பாக முதல் மூன்று வேலை நாள்களில். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அந்தத் திங்கள்கிழமை மட்டும் 24 சதவீதம் கூடியது. மிச்சிகனில் வாரம் முழுவதையும் கூட்டினால் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எப்படியும் வரவிருந்த மாரடைப்பைத் தூக்கக்கேடு முன்கூட்டியே இழுத்துவந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் விளக்கம். சாலை விபத்தில் அந்த வாரம் உயிரிழப்பு விபத்துகள் சுமார் 6 சதவீதம் அதிகம் என்று 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. கடிகாரத்தை முன்தள்ளிய மறுநாள் திங்கள்கிழமை அமெரிக்கர்கள் சராசரியாக 40 நிமிடம் குறைவாகத் தூங்கியதையும், அன்று சுரங்கத் தொழிலாளர்களுக்குக் காயங்கள் கூடியதையும் இன்னொரு ஆய்வு காட்டியது. இவையெல்லாம் சேர்ந்துதான் 2020-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பை "இந்த மாற்றமே வேண்டாம், ஆண்டு முழுவதும் இயல்பான நேரமே இருக்கட்டும்" என்று சொல்ல வைத்தன.

அங்கே மார்ச்தான் கெட்ட மாதம். நவம்பரில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கக் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது அப்படியே தலைகீழ். கோடையில் அதிகாலை மூன்றரைக்கு முடியும் வேலை நவம்பரிலிருந்து நாலரைக்கு முடிகிறது. ஏதாவது சாப்பிட்டுப் படுக்க ஐந்தரை. ஆறேகாலுக்குள் விடிந்துவிடும்.

என் அக்கா மகன் இந்த வேலையில்தான் இருக்கிறான். அவன் அறை ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழைய செய்தித்தாள், அதன் மேல் கறுப்புத் துணி. அக்கா காலையில் குக்கர் வைப்பதையே விட்டுவிட்டாள். விசில் சத்தத்துக்குப் பயந்து பானையில் சோறு வடிக்கிறாள். பால்காரரிடம் மணியடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். "அக்டோபர் வரைக்கும் இருட்டிலேயே தூங்கிவிடுவேன் மாமா. நவம்பர் வந்தால் கண்ணை மூடும்போதே காக்கா கத்த ஆரம்பித்துவிடும்" என்றான். மார்கழியில் அவன் வேலை முடியும் அதே நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கும். கோயிலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மார்கழி அதிகாலை இந்த ஊரின் நேரம். ஊரோடு எழ வேண்டியவனை ஊர் எழும்போது படுக்க வைத்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

போன நவம்பரில் அவன் அலுவலகம் இந்த மாற்றத்தை வெள்ளிக்கிழமை இரவு ஒற்றை வரி மின்னஞ்சலில் தெரிவித்தது. அதே வாரம் பகல் இரண்டு மணிக்குப் பயிற்சி வகுப்பும் வைத்தது. பிள்ளை எப்போதுதான் தூங்குவான்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் மீண்டும் உறுதி செய்தது. அடிப்படையே இவ்வளவு கெடுதலான வேலை. அதில் பழகிப்போன தூக்கத்தையும் ஆண்டுக்கு இரண்டு தடவை கலைக்கிறார்கள்.

இதற்கு நடுவே, இந்தியாவும் கோடையில் கடிகாரத்தை முன்தள்ளலாம் என்று அவ்வப்போது சிலர் கிளம்புகிறார்கள். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். திருநெல்வேலியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். மிச்சப்படுத்த இங்கே எந்த வெளிச்சம் இருக்கிறது? இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் ஏற்கெனவே நமக்கு உச்சி வெயில் பன்னிரண்டு மணி தாண்டித்தான். இன்னும் ஒரு மணி தள்ளினால் மார்ச்சில் ஏழரைக்குத்தான் விடியும். பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் இருட்டில் நிற்க வேண்டியதுதான். போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, வெள்ளைக்காரர்கள் இங்கே ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள், போர் முடிந்ததும் விட்டுவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையும் மின்தட்டுப்பாட்டால் 1996-இல் தள்ளிப் பார்த்துவிட்டு, 2006-இல் பழைய நேரத்துக்கே திரும்பியது. அமெரிக்காவே 1974 ஜனவரியில் ஆண்டு முழுவதும் கோடை நேரம் என்று தொடங்கி, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போவதைக் கண்ட பெற்றோர் கொதித்ததால், அடுத்த குளிர்காலத்துக்குள் கைவிட்டது.

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் இந்த வழக்கத்தை ஒழிக்க வாக்களித்தும் இன்னும் நடக்கவில்லை. அவர்கள் முடிவெடுக்கும் வரை நாம் காத்திருக்க முடியாது. இங்கே ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் சிலவற்றை இன்றே செய்யலாம். மாற்றத்தை ஒரே நாளில் திணிக்காமல், முந்தைய வாரத்திலிருந்தே கால் மணி கால் மணியாக நகர்த்தலாம். அந்த வாரம் பகல் கூட்டங்களை அறவே தவிர்க்கலாம். அலுவலகம் போய்வருகிறவர்களை, தூக்கக் கலக்கத்தோடு நான்குவழிச் சாலையில் பைக்கில் அனுப்பாமல் வண்டி வைத்து வீட்டில் கொண்டுவிடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை, முடியும் நேரத்தை மூன்றரையிலேயே நிறுத்தி, மிச்ச ஒரு மணி நேரத்தை வேறு ஷிப்டிடம் ஒப்படைக்கலாம். எதுவும் பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பகலில் தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொந்தக்காரர்கள் முன்னால் பேசாதீர்கள். கல்யாணம், சடங்கு, வங்கி வேலை என்று பகல் பன்னிரண்டு மணிக்கு எழுப்பாதீர்கள். அவர்களுக்கு அது நள்ளிரவு.

உங்கள் அலுவலகத்தில் இப்படிக் கேட்டு யாருக்காவது கிடைத்திருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். அடுத்த மாற்றத்துக்கு முன்னால் மற்றவர்கள் அதைக் காட்டிக் கேட்கலாம்.