54 பேர் ஆம் என்றும் தோற்ற வாக்கெடுப்பு

"சான்டி ஹூக் பாடசாலைத் துப்பாக்கிச்சூட்டில் அத்தனை பிள்ளைகள் செத்தும் அமெரிக்கச் செனட்டில் பெரும்பான்மை துவக்குச் சட்டத்தை எதிர்த்தது, சனத்துக்கே அது வேண்டாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பிழை, தம்பி.

2013 ஏப்ரலில், துவக்கு வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் திருத்தத்துக்கு 54 பேர் ஆம் என்றார்கள், 46 பேர் இல்லை. நிறைவேற 60 வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கருத்துக்கணிப்புகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் ஆதரித்த விஷயம் அது.

பிறகு ஏன் தோற்றது? ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங் மாநிலத்துக்கும், ஏறக்குறைய நாலு கோடி பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர்கள். எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர் எங்கிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள்: அலாஸ்கா, மொன்டானா, வட டகோட்டா, ஆர்கன்சா. வேட்டைத் துவக்கு சாதாரணமாகப் புழங்கும் மாநிலங்கள். (கட்சித் தலைவர் ஹரி ரீடும் இல்லை என்றுதான் போட்டார். அது பிறகு மறுபடி எடுக்க வழி வைப்பதற்கான நடைமுறைக் கணக்கு.)

இரண்டிரண்டு பேர் என்பதை அநியாயம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் இலங்கை நாடாளுமன்றத்திலும் 36 ஆசனங்கள் சனத்தொகை பாராமல் மாகாணத்துக்கு நான்காகத்தான் பிரிகின்றன. வன்னியில் நெடுங்கேணிப் பக்கம் யானை விரட்டும் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு வயல் பரணில் விடிய விடிய இருப்பவரின் பாடு கொழும்புக்கு எங்கே தெரியும்? ஆனால் அந்த 60 அதற்கும் மேலே போட்ட இன்னொரு வேலி. 2022இல் ஒரு துவக்குச் சட்டம் 65க்கு 33 என்று அதைத் தாண்டியும் இருக்கிறது. அதையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.