யோசிக்க விடுங்கப்பா!

'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்' 2018-ல வந்த கேம், கதை நடக்கிறது 2038-ல. ஆண்ட்ராய்டுக்கும், அதாவது மனுஷ உருவ ரோபோவுக்கும், மனசு உண்டான்னு கேக்குது. நல்ல கேள்விதான், ஆனா யோசிக்க விட்டாத்தானே? மாடி விளிம்புல ஒரு ஆண்ட்ராய்டு சின்னப் பொண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்ன பேசணும்னு ஒத்தை வார்த்தையில ஆப்ஷன் வரும். படிக்கிறதுக்குள்ள டைமர் கரைஞ்சுடும். பதமாப் பேசுவான்னு நம்பி அமுக்கினா, நாம ஆட்டுவிக்கிற போலீஸ் ஆண்ட்ராய்டு கானர் பாட்டுக்கு வேற எதையோ பேசி வைக்கிறான்.

அத்தியாயம் முடிஞ்சா, கதை பிரியுற வழிகளைப் படமாக் காட்டுற ஃப்ளோசார்ட் விரியும். நாம போகாத வழியெல்லாம் பூட்டோட பல்லைக் காட்டும். பத்தாததுக்கு, உலகத்துல எத்தனை சதவீதம் பேர் எந்தப் பக்கம் போனாங்கன்னு கணக்கு வேற! யார் கேட்டா? தரையில துடிச்ச மீனைத் தொட்டியில விட்டது மட்டும்தான் நான் நெனச்சபடி நடந்துச்சு.