மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்லும் பெங்களூருத் தமிழர்களுக்கு

"தப்பு செய்தவன்தானே பயப்படணும், நமக்கு மறைக்க என்ன இருக்கு?" கேமரா, ஆதார், முகம் பார்த்துத் திறக்கும் கேட், போன் ஒட்டுக்கேட்பு என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் இந்த வரியில் வந்துதான் நிற்கிறது. அடுக்கக வாட்ஸ்அப் குழுவில், அல்சூர் கோயில் வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கேயும் இதே பேச்சு. வேறு ஊர்க்காரர்கள் சொன்னால் போகட்டும் என்று விட்டுவிடலாம். பெங்களூருத் தமிழர் வாயிலிருந்து வரும்போதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

1991 டிசம்பர் அதற்குள் மறந்துபோச்சா? காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு இந்த ஊரில் தமிழர்களுக்கு எதிராக என்ன நடந்தது என்று ஸ்ரீராமபுரத்தில் வயதான யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைப்பலகையில் தமிழ் எழுத்து இருந்தால் தொலைந்தது. பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை வாயைத் திறக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தமிழ் பேப்பரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்கள்.

அது பழைய கதை என்றால், மறுபடி காவிரித் தண்ணீருக்காகக் கலவரம் வெடித்த 2016 செப்டம்பர் 12? அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் நிறுத்திய இடத்திலேயே வரிசையாக எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. என் வண்டி ஓசூர் பதிவு, டிஎன் 70. எதிர்வீட்டுக் கன்னடக்காரர்தான் தன் காரைத் தெருவில் எடுத்து நிறுத்திவிட்டு, என் வண்டியை அவர் ஷெட்டுக்குள் விடச் சொன்னார். (இந்த ஊரைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது.) நம்பர் பிளேட்டில் சேற்றைப் பூசியவர்களும் ஸ்டிக்கரைக் கிழித்தவர்களும் இதைப் படிக்கிற உங்களிலேயே இருப்பீர்கள். அவ்வளவு ஏன், அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையையே 18 வருஷம் துணி சுற்றி மூடி வைத்திருந்த ஊர் இது. 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மறைக்க ஒன்றுமில்லை என்கிறோம்.

அன்றைக்கு நம்மிடம் என்ன குற்றம் இருந்தது? ஒரு வண்டி எண், ஒரு பெயர், வாயைத் திறந்தால் வருகிற மொழி. முந்தின நாள் வரை யாரும் சட்டை செய்யாத விவரங்கள், மறுநாள் மதியத்துக்கு மேல் உயிர் போகிற விவரங்களாகிவிட்டன. மாற்றியது நாம் இல்லை. எதை மறைக்க வேண்டியிருக்கும் என்பதை நாம் தீர்மானிப்பதே இல்லை. அன்று யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

2016இல் கலவரக்காரர்களிடம் இருந்தது இரண்டு கண்கள் மட்டும். அதனால் ஒரு ஷெட்டும் கொஞ்சம் சேறும் போதுமாக இருந்தன. இன்று அதே விவரங்கள் எத்தனை இடங்களில் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கலவரக்காரர்களிடம் அரசு பட்டியலைத் தூக்கிக் கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் என்று ஒன்று இருந்தால் அது வைத்த இடத்திலேயே இருக்காது என்றுதான் சொல்கிறேன். 2022 நவம்பரில் வெடித்த வாக்காளர் தகவல் விவகாரம் ஞாபகமிருக்கிறதா? வாக்காளர் விழிப்புணர்வுக்கு என்று மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள், தேர்தல் அலுவலர் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. கேட்ட விவரங்களில் தாய்மொழியும் உண்டு என்று அப்போது செய்தி வந்தது. மூன்று தொகுதிகளில் வாக்காளர் பட்டியலைத் திரும்பச் சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அதில் ஒன்று சிவாஜிநகர். அங்கே எத்தனை தமிழ்க் குடும்பங்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, நாமே எழுதிக் கொடுத்தோம். நாலு நாள் செய்தி ஓடியது, அப்புறம் அடங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் எவனோ புகுந்து தகவலை எடுத்துவிட்டான். பூட்டு விற்கிறவன் வீட்டிலேயே திருட்டு.

எனக்கு அதிகம் உறுத்துவது, நமக்குக் கோபம் வருவதே நின்றுபோனதுதான். 1988இல் இதே ஊரில் ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். காரணம், அரசியல்வாதிகளின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டார்கள் என்ற புகார். அவரைப் பெரிய உத்தமர் என்று காட்ட வரவில்லை. அதற்குப் பின்னால் நிறைய அரசியல் கணக்கு இருந்தது. ஆனால் ஒட்டுக்கேட்பது ஒரு முதலமைச்சரின் நாற்காலியைப் பறிக்கக்கூடிய அசிங்கம் என்ற எண்ணம் அன்று ஊருக்கு இருந்தது. அதிலிருந்து 33 வருஷம் தள்ளி வாருங்கள். 2021 ஜூலையில், பெகாசஸ் என்ற போன் உளவு மென்பொருளின் குறியில் இருந்திருக்கலாம் என்று சொல்லப்பட்ட எண்களின் பட்டியல் கசிந்தது. அதில் 2019இல் கர்நாடகத் துணை முதலமைச்சராக இருந்த பரமேஷ்வராவின் எண் இருந்தது. குமாரசாமி, சித்தராமையா இருவருடைய உதவியாளர்களின் எண்களும் இருந்தன. அந்த வருஷம்தான் இங்கே கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது. உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு குழு போட்டது. 29 போன்களைச் சோதித்ததில் 5இல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் சொன்னது இது. ஒத்துழைக்காததற்காக யாருடைய நாற்காலியாவது ஆடியதா? நம் வீடுகளில் அன்று ராத்திரி யாராவது ஒரு கவளம் குறைத்துச் சாப்பிட்டோமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று வாதாடி வாங்கிக் கொடுத்தவரும் இதே ஊர்க்காரர்தான். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி, 86 வயதில், 2012இல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ஆமாம், உரிமைதான் என்றார்கள். 2024 அக்டோபரில் அவர் 98 வயதில் இறந்தபோது எங்கள் குழுவில் அவர் யார் என்று கேட்டவர்களே அதிகம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. மளிகை ஆப் உங்கள் நம்பரை என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, எந்த அரசு அமைப்பை வேண்டுமானாலும் ஓர் அறிவிக்கையில் அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கிவிடலாம் என்றும் இருக்கிறது.

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் எதிர்வாதம் பலமாக இருக்கிறது. ஐடி வேலையில் இரவு ஷிப்ட் முடிந்து வரும் மகள் இருக்கிற வீட்டில் போய் கேமரா வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். நிர்பயா நிதியில் பாதுகாப்பான நகரம் திட்டத்தின் கீழ் இங்கே 7,000க்கும் மேற்பட்ட கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். தெருமுனையில் கேமரா, திருட்டு நடந்தால் அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்ப்பது, இதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதே கேமராவில் முகம் அறியும் மென்பொருள் சேர்ந்தால், போகிற வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். அது வேறு வேலை. அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், ஒருவரைச் சேர்ப்பது யார், தப்பாகச் சேர்ந்தால் எடுக்கச் சொல்லி எந்த ஜன்னலில் போய் நிற்பது? இதைக் கேட்டால் உடனே "பெண்கள் பாதுகாப்பு வேண்டாமா" என்கிறார்கள். அய்யா, நான் கேட்டது பட்டியலைப் பற்றி.

நாம் இதற்கெல்லாம் எங்கே பழகினோம் என்று யோசித்தால், நம் வாசலில்தான். திருவண்ணாமலையிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து இங்கே வீட்டு வேலை செய்யும் அக்காக்கள் எத்தனை மணிக்குள் உள்ளே வந்தார்கள், எத்தனை வீட்டுக்குப் போனார்கள், எப்போது வெளியேறினார்கள் எல்லாம் கேட் ஆப்பில் நம் போனுக்கு வருகிறது. போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிற அடுக்ககங்களும் உண்டு. "ஏம்மா, உனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று அவர்களிடம் கேட்டுப் பழகிய வாய், அரசு நம்மைக் கேட்கும்போது எதிர்த்துப் பேசுமா?

இன்னொன்று. இதையெல்லாம் எதிர்த்து நாலு பேர் சேர்ந்து கோஷம் போட வேண்டும் என்றால், 2021இல் வந்த உத்தரவுப்படி இந்த நகரத்தில் அதற்கு இடம் ஃப்ரீடம் பார்க் மட்டும்தான். அது பழைய மத்தியச் சிறை. காவல் கோபுரத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். நெருக்கடி நிலை அறிவித்த கையோடு, 1975 ஜூன் 26 காலையில் வாஜ்பாயும் அத்வானியும் கைதாகி அந்தச் சிறைக்குத்தான் போனார்கள். பெங்களூருக்கு அவர்கள் வந்தது நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்கு. முந்தின ராத்திரி தூங்கப் போகும்போது அவர்களும் மறைக்க ஒன்றுமில்லாதவர்கள்தான்.

பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, 2025 டிசம்பரைச் சொல்கிறேன். புதிய போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசு ஆப்பைக் கட்டாயம் ஏற்றியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது வெளியே வந்தது. நாடு முழுக்கக் கத்தினார்கள். சில நாட்களிலேயே கட்டாயம் இல்லை என்று பின்வாங்கிவிட்டார்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை, பஸ் எரியவில்லை. கொஞ்சம் சத்தம், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கீழே யாராவது வந்து, "இதை எழுதுவதே முகநூலில்தானே, அவன் உன்னைப் பார்க்கவில்லையா?" என்று கேட்பீர்கள். பார்க்கிறான், அதில் எனக்கும் கடுப்புதான். அவனிடம் இருப்பதையும் அரசு கேட்டு வாங்குகிறது, அது தனிக் கதை. ஆனால் அவன் தானாக எனக்குக் கொடுக்கும் தொல்லை, ஒருமுறை குக்கர் தேடினால் தீபாவளி வரை குக்கர் விளம்பரம் காட்டுவது. லத்தியும் லாக்கப்பும் அவனிடம் இல்லை. பிடிக்காவிட்டால் இன்று ராத்திரியே கணக்கை மூடிவிட்டுப் போகலாம். என் வயதுக்காரர்கள் ஆதாரை அப்படி மூட எந்த அலுவலகத்தில் படிவம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் கமெண்ட்டில் போடுங்கள்.