தூங்கினால் படித்தது அழிந்துவிடுமா?

செமஸ்டர் நெருங்கிவிட்டது. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தேர்வுக்கு முந்தின ராத்திரி தூங்காதீர்கள், தூங்கினால் படித்தது அழிந்துவிடும். மூன்று டம்ளர் டிகிரி காபி போதும்."

இது தவறு. நடப்பது நேர் எதிர். படித்ததை மூளை நிலைநிறுத்தத் தூக்கம் உதவுகிறது. 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியல் ஆய்வாளர்கள், இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். விழித்திருந்தபோது மறந்ததைவிட, தூங்கி எழுந்தபோது மறந்தது குறைவு. சோதித்தது இரண்டே பேரைத்தானே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளும் அதையேதான் சொல்கின்றன. சந்தேகம் இருந்தால் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி' இதழின் 1924ஆம் ஆண்டுத் தொகுதியில் அந்தக் கட்டுரையைப் பார்க்கலாம். கல்லூரி நூலகரிடம் கேட்டால் தேடித் தருவார்.

காபி மேல் எனக்குக் கோபம் இல்லை, கும்பகோணத்துக்காரனுக்கு எப்படி வரும்! ஆனால் காபியில் தூக்கத்தை விரட்டும் பொருளான காஃபீன், உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குக் குடித்ததில் பாதி விடியற்காலை 3 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

ஒரே ராத்திரிதான் மிச்சம் என்றால், நோட்டை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதை ரஃப் தாளில் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படியுங்கள். அப்புறம் படுங்கள். காலை டவுன் பஸ்ஸில் கைடை மடியில் வைத்தபடி தூங்கி, கல்லூரி ஸ்டாப்பைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதைப் போடுங்கள்.